அக்காவை வகுப்புக்கு அனுப்பு

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. உன் அக்காவுக்கு கனடாவின் நிரந்தர வதிவிட உரிமை, அதுதான் பி.ஆர்., கிடைத்துவிட்டது, சித்திரை முடிய ரொறன்ரோ வந்து மகனுடன் இருக்கப் போகிறார் என்று வாசித்ததும் அவ்வளவு சந்தோஷம். மகன் இருப்பதும் எங்களைப் போல ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில்தான் என்றால் அடிக்கடி பார்த்துக்கொள்ளலாம். உன் முழங்கால் நோ எப்படி? தோட்ட வேலையைக் கொஞ்சம் குறை. இங்கே எல்லோரும் சுகம். இவர் ஓய்வு பெற்றுவிட்டார், இப்போது குசினியில் பாதி வேலை அவருடையது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். “58 வயதில் அவவுக்கு என்னத்துக்கு இங்கிலிஸ் வகுப்பு? ஸ்காபரோவில் எல்லாம் தமிழிலேயே நடக்குமாமே” என்று எழுதியிருக்கிறாய். நடக்கும்தான். மரக்கறிக் கடை, நகைக்கடை, கோவில், வக்கீல், பல் டொக்டர் வரைக்கும் தமிழில் கதைக்கலாம். ஆனால் இரவில் நெஞ்சு நொந்து அம்புலன்ஸைக் கூப்பிட்டால் வருகிறவருக்குத் தமிழ் தெரிந்திருக்குமா? இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று.

நான் ஆங்கிலம் படிப்பிக்கும் வகுப்பில் எங்கள் ஊர்ப் பக்கத்துத் தாய் ஒருவர் இருந்தார். டொக்டரிடம் போகும்போதெல்லாம் ஆறாம் வகுப்புப் பேரனைப் பள்ளிக்கூடத்துக்கு விடாமல் மறித்துக் கூட்டிப் போவார். கர்ப்பப்பைப் பிரச்சினையை அந்தப் பொடியனிடம் எப்படிச் சொல்வது? வயிற்று நோ என்று மட்டும் சொல்லச் சொன்னார். டொக்டரும் வயிற்று நோவுக்கே மருந்து கொடுத்தார். மாதக்கணக்கில் இப்படியே போனது. மகன் பக்கத்தில் இருந்தாலும் இதே கதைதானே? பெற்ற பிள்ளையிடம் சொல்ல முடியாத விஷயங்கள் ஒரு தாய்க்கு இருக்கும்.

அவருக்காகத்தான் கிளினிக்குக்குப் போன் எடுக்கும் பயிற்சியை வகுப்பில் நீட்டினேன். இரண்டு கதிரைகளை முதுகோடு முதுகாகப் போட்டு இருவரை இருத்துவேன். முகம் தெரியாது, கை காட்ட முடியாது. ஒருவர் வரவேற்பில் இருக்கும் பெண், மற்றவர் நோயாளி. பெயர், பிறந்த திகதி, ஹெல்த் கார்ட் நம்பர், என்ன வருத்தம், எப்போதிருந்து. திகதியில்தான் எல்லோரும் தடக்குப்படுவார்கள், இங்கே மாதத்தை முதலில் சொல்வதால். பெண் டொக்டர் வேண்டும் என்று கேட்பது எப்படி என்று அந்தத் தாய் வகுப்பு முடிந்தபிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார். கொப்பியில் தமிழ் எழுத்தில் எழுதி, சப்பாத்துப் போடும்போதும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் கடைசியில் போனில் சொன்ன வசனத்தில் இலக்கணம் சரியில்லை. கிளினிக்கில் இருந்தவருக்கு விளங்கியது.

இனி விதிமுறைகள். இதை அக்காவின் மகனுக்கும் வாசித்துக் காட்டு.

புதிதாகக் குடியேறியவர்களுக்கு மத்திய அரசின் பணத்தில் நடக்கும் ஆங்கில வகுப்புகளுக்கு லிங்க் (LINC) என்று பெயர். கட்டணம் இல்லை. பி.ஆர். உள்ளவர்களும், அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர்களும் சேரலாம். முதலில் மதிப்பீட்டு நிலையத்தில் சோதித்து, கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் நான்குக்கும் தனித்தனியாகப் படிநிலை தருவார்கள். பல இடங்களில் அதே கட்டடத்தில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆட்கள் இருப்பார்கள். அந்த வசதி இல்லாத இடத்தில் இளம் தாய்மார் ஒரு மாதம் வந்துவிட்டு நின்றுவிடுகிறார்கள்.

ஆனால் குடியுரிமை எடுத்த அன்றோடு லிங்க் கதவு மூடிவிடும். இந்த விதி எனக்கு ஒருநாளும் சரியாகப் பட்டதில்லை. யோசித்துப் பார். லிங்க் தொடங்கியது 1992இல். அதற்கு முதல் அரசு கொடுத்த மொழிப் பயிற்சியில் வேலைக்குப் போகப் போகிறவர்களுக்கே முதலிடம். புருஷன் வகுப்புக்குப் போனார், மனைவி வீட்டில் நின்றார். 83 கலவரத்துக்குப் பிறகு வந்த எங்கள் பெண்கள் எத்தனையோ பேர் அப்படித்தான் தவறவிடப்பட்டார்கள். பிள்ளை வளர்த்தார்கள், இரவில் தொழிற்சாலைக்குப் போனார்கள், குடியுரிமையும் எடுத்தார்கள். பிள்ளைகள் வளர்ந்து ஒருவழியாக நேரம் கிடைத்து வகுப்புத் தேடி வந்தால், நீங்கள் சிற்றிசன், உங்களுக்கு இடமில்லை என்கிறோம். வந்து எத்தனை வருடம், கையில் என்ன அட்டை என்று பார்ப்பதை விட்டுவிட்டு, மொழி தேவைப்படுகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும் என்பதுதான் என் நிலைப்பாடு. அகதிக் கோரிக்கை கொடுத்துவிட்டு முடிவுக்காகக் காத்திருப்பவர்களுக்கும் லிங்க் கிடையாது. அந்தக் காத்திருப்புக் காலத்தில்தானே மொழி அவர்களுக்கு மிகவும் வேண்டும்? நல்லவேளை, ஒன்ராறியோவில் பள்ளிச் சபைகள் நடத்தும் ஈ.எஸ்.எல். என்ற ஆங்கில வகுப்புகள் இந்த இரண்டு பகுதியினரையும் சேர்த்துக்கொள்கின்றன. நூலகக் கிளைகளிலும் ஆங்கிலம் கதைத்துப் பழக இலவசக் குழுக்கள் உண்டு.

அக்காவுக்கு இது ஏன் முக்கியம் என்றால், குடியுரிமைக்கு மொழிச் சான்றும் பரீட்சையும் 18 முதல் 54 வயது வரை உள்ளவர்களுக்குத்தான். 55 வயதானவர்களுக்கும் அதற்கு மேற்பட்டவர்களுக்கும் இரண்டும் தேவையில்லை. ஐந்து வருடத்துக்குள் 1095 நாள் இங்கே இருந்திருந்தால் விண்ணப்பிக்கலாம் என்பதால், பிள்ளைகள் அந்த நாளை எண்ணிக்கொண்டிருந்து விண்ணப்பத்தைப் போட்டுவிடுவார்கள். குடியுரிமை கிடைத்ததும் லிங்க் போய்விடும். பாஸ்போட் அவசரம் இல்லையென்றால் முதலில் வகுப்பைப் படித்து முடிக்கட்டும் என்று மகனிடம் சொல். கடந்த ஒன்றிரண்டு வருடமாக அரசு பணத்தைக் குறைத்ததில் நாட்டில் பல இடங்களில் வகுப்புகள் மூடப்பட்டும் விட்டன. அதனால் வந்தவுடன் பதிவது நல்லது.

வகுப்பில் எல்லாமே நன்றாக இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு மொத்தமான பைல் கொடுக்கிறோம். செய்த பயிற்சிகளையும் மதிப்பீடுகளையும் அதில் சேர்த்து, போதுமான அளவு சேர்ந்தால்தான் அடுத்த படிநிலைக்கு அனுப்பலாம். படித்துவிட்டு வந்தவர்களுக்கு அது உதவும். ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த ஒரு பெண் என்னிடம் படிக்கிறார். தன் மொழியிலும் எழுதப் படிக்கத் தெரியாது. பென்சிலை எப்படிப் பிடிப்பது, தாளை எந்தப் பக்கம் வைப்பது என்பதிலிருந்து தொடங்கினோம். தன் பெயரின் முதல் எழுத்தை எழுதிய அன்று, தாளை மடித்துப் பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். பைலில் போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவரைப் போன்றவர்களுக்கு மதிப்பீட்டுத் தாள் வேண்டாம், நேரம்தான் வேண்டும். ஆசிரியர் கூட்டங்களில் இதை நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு நான் கட்டாயம் படிப்பிப்பது ஒன்று உண்டு. ஆபத்தான வேலையைச் செய்ய மறுக்கும் உரிமை இந்த மாகாணத்தில் சட்டப்படி தொழிலாளிக்கு இருக்கிறது. உரிமை இருந்தும், மேற்பார்வையாளரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல இரண்டு வசனம் வாயில் வராவிட்டால் என்ன பிரயோசனம்? அக்கா வேலைக்குப் போகாவிட்டாலும் இதைப் படிக்கட்டும். மருமகளுக்கும் சொல்லிக் கொடுக்கலாம்.

வயது போன பிறகு இளம் ஆட்களோடு வாங்கில் இருப்பதா என்று அக்கா வெட்கப்படுவார், எனக்குத் தெரியும். என் வகுப்பில் 70 தாண்டியவர்களும் இருக்கிறார்கள். இடைவேளையில் தேத்தண்ணீர் குடிக்கும்போது சிரியாக்காரியும் எங்கள் தமிழ் அம்மா ஒருவரும் தங்களுக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் பேரப்பிள்ளைகளைப் பற்றிக் கதைப்பார்கள். இங்கே வயோதிபர்களுக்குத் தனிமைதான் பெரிய வருத்தம். மகனும் மருமகளும் காலையில் வெளிக்கிட்டுப் போனால் அக்கா யாரோடு கதைப்பார்?

அவர் என் வகுப்பில் சேர வேண்டாம். தெரிந்த ஆள் என்றால் தமிழிலேயே கதைத்துக்கொண்டு இருந்துவிடுவோம். வேறு நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள். மதிப்பீட்டுக்குப் பி.ஆர். அட்டை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, வந்து இறங்கும்போது கொடுக்கும் உறுதிப் பத்திரம் போதும். மகனின் போன் நம்பரை அனுப்பிவிடு, நானே அவரோடு கதைக்கிறேன். வருகிற பெட்டியில் கொஞ்சம் ஒடியல் மாவும் வைத்துவிடச் சொல்.

அன்புடன்,
உன் பழைய தோழி