அட்டையில் விட்டுப்போன பெயர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாலக்கோட்டிலிருந்து எழுதுகிறேன். 1984 முதல் 2001 வரை இங்கே பஸ் ஸ்டாண்டு பக்கம் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தேன். பாட்டுப் பட்டியல் எழுதிக் கொண்டுவந்தால் கேசட்டில் பதிந்து கொடுக்கும் கடை. 60 நிமிஷக் கேசட்டில் பக்கத்துக்கு 6 பாட்டு. 90 நிமிஷக் கேசட் என்றால் பக்கத்துக்கு 10 பாட்டை எப்படியாவது அடக்கிவிடுவேன்.

இந்தக் கடிதத்துக்குக் காரணம் என் தங்கை பேரன். பெங்களூரில் வேலை பார்க்கிறான். லீவு நாளில் லேப்டாப்பில் சொந்தமாகப் பாட்டும் செய்கிறான். தீபாவளிக்கு வந்தவன், "தாத்தா, இதைக் கொஞ்சம் கேளுங்க" என்று ஹெட்போனை என் காதில் மாட்டினான். கனடாக்காரர், 'தி வீக்கெண்ட்' என்ற பெயரில் பாடுகிறவராம். 'பிளைண்டிங் லைட்ஸ்' என்று பாட்டு. கீபோர்டு ஆரம்பித்ததுமே, "இது எங்க காலத்துப் பாட்டாச்சே, 84, 85 இருக்குமா?" என்றேன். "2019 நவம்பர்ல வந்தது தாத்தா" என்றான். அமெரிக்காவின் பில்போர்டு 100 பட்டியலில் 90 வாரம் இருந்த பாட்டு என்றும் சொன்னான். வரிகள் எனக்குப் புரியவில்லை. சத்தம் மட்டும் நன்றாகவே புரிந்தது. பதினேழு வருஷம் காலையிலிருந்து ராத்திரி வரை என் கடையில் கேட்ட சத்தம் அல்லவா.

அப்புறம் அவனே வரிசையாகப் போட்டுக் காட்டினான். துவா லிப்பா என்ற பாடகியின் 2020 ஆல்பம். அதிலும் எண்பதுகளின் சின்தசைசர் என்ற மின்சாரக் கீபோர்டு, எண்பதுகளின் பேஸ் என்ற அடிச்சத்தம். கேட் புஷ் 1985ல் பாடிய ஒரு பாட்டு 2022ல் இணையத் தொடர் ஒன்றில் வந்தது. 37 வருஷம் கழித்து அது இங்கிலாந்தில் முதலிடம் பிடித்திருக்கிறது. வெளிவந்த காலத்தில் மூன்றாம் இடத்தைத் தாண்டாத பாட்டாம். தமிழிலும் இப்போது தனிப்பாடல் போடும் பிள்ளைகள் அதே வாசனையைத் தேடுகிறார்கள் என்றான். அவன் செய்துகொண்டிருந்த பாட்டும் அந்த மாதிரிதான்.

இதை என் வயதுக்காரர்கள் பலர் குறையாகச் சொல்கிறார்கள். சொந்தச் சரக்கு இல்லாததால் பழசைத் தோண்டுகிறார்கள் என்கிறார்கள். எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடு இல்லை. எங்கள் எண்பதுகள் மட்டும் என்ன, யாரிடமும் வாங்காமலா வந்தது? ஜப்பான் கீபோர்டையும் அமெரிக்க டிஸ்கோவையும் இரவல் வாங்கித்தான் அந்தக் காலத்துத் தமிழ்ப் பாட்டு வளர்ந்தது. என் கடையே இரவல்தான். ஒரு ஒரிஜினல் கேசட்டை வைத்துக்கொண்டு நூறு பேருக்குப் பதிந்து கொடுத்தேன். பாட்டை உண்டாக்கியவர்களுக்கு அதில் ஒரு பைசா போகவில்லை. ஊர் ஊருக்கு அப்படித்தான் நடந்தது, நானும் செய்தேன். அதனால் இரவல் வாங்குகிறவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. எனக்குச் சொல்ல வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது.

அந்தப் பையனுக்கு எண்பதுகளின் சத்தம் எப்படி உண்டானது என்பது தலைகீழ்ப் பாடம். மணி அடிப்பது போலவும் கண்ணாடியைத் தட்டுவது போலவும் ஒரு பியானோ சத்தம் அந்தக் காலத்துக் காதல் பாட்டுகளில் வருமே, அது யமஹா டிஎக்ஸ்7 கீபோர்டு, 1983ல் வந்தது என்றான். ஒரு அலையைக் கொண்டு இன்னொரு அலையை வேகமாக அசைத்தால் புதிய சத்தம் பிறக்கும் என்று கண்டுபிடித்தவர் ஜான் சௌனிங். அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில், 1967ல். அந்த வழியை வாங்கித்தான் யமஹா கீபோர்டு செய்தது. ரோலண்டு கம்பெனியின் 808 டிரம் மெஷின் 1980ல் வந்து 1983லேயே நின்றுவிட்டது. செய்ததே சுமார் 12,000 பெட்டிதான். நிஜ டிரம் மாதிரி இல்லை என்று பலர் அதை ஒதுக்கினார்கள். பழைய சாமான் விலைக்கு அதை வாங்கிய ஏழைப் பையன்கள்தான் அதை வைத்து அமெரிக்காவில் ஹிப் ஹாப் பாட்டு செய்தார்கள். கம்பெனியைத் தொடங்கியவர் இகுடாரோ ககேஹாஷி, அந்தப் பெயரும் இவனுக்குத் தெரியும். டிரம்மை அடித்ததும் எதிரொலி பெரிதாக எழும்பி, கத்தரியால் வெட்டினது போல டக்கென்று நிற்கும் சத்தம் ஒன்று உண்டு. அது 1980 வாக்கில் லண்டன் ஸ்டுடியோவில் பீட்டர் கேப்ரியல், பில் காலின்ஸ் பாட்டுகளைப் பதிந்தபோது வந்தது. பதிந்தவர் பெயர் ஹியூ பேட்ஜம்.

ஒரு டிரம்மின் எதிரொலியை வெட்டியவரின் பெயர் 45 வருஷம் கழித்துப் பாலக்கோட்டுப் பையன் வாயில் வருகிறது. எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

சரி, உன் பாட்டைப் போடு என்றேன். போட்டான். நன்றாக இருந்தது. பாசத்துக்குச் சொல்லவில்லை, நன்றாகவே இருந்தது. ஆனால் பாட்டு முழுக்க "ஸ்ஸ்" என்று ஒரு இரைச்சல். என்னப்பா இது என்றதும், "டேப் சத்தம் தாத்தா, நானேதான் சேர்த்தேன். இது இருந்தாத்தான் பழைய ஃபீல் வரும்" என்றான். சில இடத்தில் பாட்டு லேசாக இழுத்தது. அதுவும் வேண்டுமென்றே சேர்த்ததாம். நான் தினமும் காலையில் கடை திறந்ததும் செய்யும் முதல் வேலை, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு, பதியும் டெக்கில் டேப் உரசிப் போகும் ஹெட்டைத் துடைப்பது. பெல்ட் தளர்ந்தால் பாட்டு இழுக்கும், உடனே மாற்ற வேண்டும். கேசட் டேப்பின் அகலம் 4 மில்லிமீட்டர்கூட இல்லை. அதற்குள் இரண்டு பக்கத்துப் பாட்டும் இருக்க வேண்டும். ஓடும் வேகம் விநாடிக்கு 5 சென்டிமீட்டருக்கும் குறைவு. அவ்வளவு குறுகிய இடத்தில் அவ்வளவு மெதுவாக ஓடினால் இரைச்சல் வரத்தான் செய்யும். அதைக் குறைக்கத்தான் இத்தனை வருஷம் பாடுபட்டேன். பையனிடம் சொன்னேன்: "இந்த இரைச்சல் கேசட்டோடது கண்ணு, பாட்டோடது இல்லை. அதை எடுத்துட்டாலும் உன் பாட்டு நிற்கும்." அவன் கொஞ்சம் யோசித்தான். எடுக்கவில்லை. அது அவன் இஷ்டம்.

ஆனால் அந்தப் பாட்டில் ஒரு பேஸ் கிட்டார் வந்தது. பாடுகிறவனுக்குக் கீழே அதுவே தனியாக ஒரு மெட்டுப் போல நடந்து போனது. கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. "இது யாருடைய பேஸ் தெரியுமா?" என்றேன். "இளையராஜா பாட்டுங்களைக் கேட்டுக் கேட்டுப் பிடிச்சது" என்றான். எழுதியவர் அவர்தான், ஒவ்வொரு ஸ்வரத்தையும் நோட்ஸாக எழுதிக் கொடுப்பவர். ஆனால் எத்தனையோ பாட்டில் அதை வாசித்த விரல் யாருடையது? பையனுக்குத் தெரியவில்லை. லண்டன் ஒலிப்பதிவாளர் பெயர் தெரிந்தவனுக்குச் சென்னையில் வாசித்த சசிதரன் பெயர் தெரியவில்லை.

அவன் மேல் தப்பு இல்லை, ஐயா. தப்பு என் மேல் இருக்கிறது. எப்படி என்று சொல்கிறேன்.

பாலக்கோடு தக்காளி மண்டியிலிருந்து ராத்திரி லோடு ஏற்றிப் போகும் லாரி டிரைவர்கள்தான் என் பெரிய வாடிக்கை. "அண்ணே, பேஸ் தூக்கலா போட்டுக் குடுங்க, தூக்கம் வரக்கூடாது" என்பார்கள். பாட்டின் பெயரைச் சொல்லாமல் பேஸை வாயால் "தும் துதும்" என்று பாடிக் காட்டிக் கேட்டவர்களும் உண்டு. அவர்களைப் பெங்களூர் வரை கண் விழிக்க வைத்தது அந்த பேஸ்தான். கேசட் பெட்டிக்குள் வைக்கும் அட்டையை என் கையால் எழுதுவேன். பாட்டு, படம், பாடியவர். பெரிய மனசு பண்ணி இசையமைப்பாளர் பெயர். ஒரு நாளைக்கு ஏழெட்டு அட்டை என்றாலும் பதினேழு வருஷத்தில் எவ்வளவு எழுதியிருப்பேன்! ஒரு அட்டையில்கூட வாசித்தவர் பெயரை எழுதவில்லை. ஒரிஜினல் கேசட்டிலும் இருக்காது, நானும் கேட்டதில்லை. சசிதரன் என்ற பெயரையே எனக்குச் சொன்னவர், சேலத்து மெல்லிசைக் குழு ஒன்றில் பேஸ் வாசித்தவர். கடைக்கு வந்தவர் ஒரு பாட்டை நிறுத்தி நிறுத்திக் கேட்டுவிட்டு, "சசி அண்ணன் எப்படி வாசிச்சிருக்கார் பாருங்க" என்றார். அதுவரை அங்கே ஒரு ஆள் இருக்கிறார் என்பதே எனக்குத் தோன்றவில்லை. அவர் மூலமாகத்தான் கீபோர்டு விஜி மானுவல், டிரம்ஸ் புருஷோத்தமன், கிட்டார் சதானந்தம், புல்லாங்குழல் நெப்போலியன் (பின்னால் அருண்மொழி என்று பாடியவரும் அவரே) என்று ஒவ்வொரு பெயராகத் தெரிந்தது.

இளையராஜாவின் குழுவில் கீபோர்டு வாசித்த திலீப் என்ற பையன்தான் பின்னால் ஏ.ஆர். ரஹ்மான் ஆனார். பெரிய ஆள் ஆனதால் அவர் வாசித்ததும் வெளியே தெரிந்தது. ஆகாதவர்கள் வாசித்ததும் அதே பாட்டுகளில்தான் இருக்கிறது.

2012ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, கலையை நிகழ்த்துகிறவர் தன் பெயரைச் சொல்லும்படி கேட்கும் உரிமையைச் சேர்த்தார்கள். 38பி என்ற பிரிவு. நல்ல சட்டம். ஆனால் எண்பதுகளில் வாசித்தவர்களில் எத்தனையோ பேருக்கு வயதாகிவிட்டது, சிலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் வந்து கேட்கும் வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. செல்போனில் பாட்டுக் கேட்கும் ஸ்பாட்டிஃபையில் 'கிரெடிட்ஸ்' என்று ஒரு இடம் இருப்பதைப் பையன் காட்டினான். புதிய இங்கிலீஷ் பாட்டுக்குத் திறந்தால் பெயர்கள் வரிசையாக வருகின்றன. எனக்குப் பிடித்த பழைய தமிழ்ப் பாட்டு சிலவற்றுக்குத் திறந்து பார்த்தேன். பாடியவர், எழுதியவர், இசை. நான் எழுதிய அட்டைகளைப் போலவே இங்கேயும் வாசித்தவர் பெயர் இல்லை.

உங்களிடம் கேட்பது இதுதான். பாட்டைப் பற்றி எழுதும்போது, அதிலும் பழைய சத்தத்தைத் திரும்பக் கொண்டுவரும் பாட்டைப் பற்றி எழுதும்போது, "எண்பதுகளை நினைவூட்டுகிறது" என்று முடிக்காதீர்கள். எந்த வாத்தியம், முதலில் வாசித்தது யார் என்று ஒரு வரி விசாரித்துப் போடுங்கள். கேட்டுச் சொல்ல அவர்களில் சிலர் இன்னும் சென்னையில் இருக்கிறார்கள். அவர்களை உட்கார வைத்து ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் வாரம் ஒருவராகப் பேச வைத்தால் இன்னும் நல்லது. எந்தப் பாட்டில் எந்த இடம் என்பதை அவர்களால்தான் சொல்ல முடியும். பாட்டுச் செய்யும் பிள்ளைகளே, சத்தத்தைத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். கீபோர்டு மாடல் நம்பரை எழுதுகிற இடத்திலேயே இந்தப் பெயர்களையும் எழுதுங்கள். இரண்டு வரி கூடினால் பாட்டுக்கு ஒன்றும் ஆகிவிடாது.

என் பேரன் எழுதிவிட்டான். அவன் பாட்டை இணையத்தில் ஏற்றியபோது கீழே, "பேஸ்: சசிதரன் அவர்களின் வாசிப்பைக் கேட்டுக் கற்றுக்கொண்டது" என்று தமிழில் போட்டிருக்கிறான்.

இன்னொன்று. எண்பதுகளில் தருமபுரி, கிருஷ்ணகிரி, அரூர், பென்னாகரம் பக்கத்துத் திருவிழாக்களிலும் கல்யாணங்களிலும் மெல்லிசைக் குழுக்கள் விடிய விடிய வாசித்தன. வெளிநாட்டுக் கீபோர்டு வாங்கக் காசில்லாமல், இருக்கிற பெட்டியிலேயே அந்தச் சத்தத்தை வரவழைத்தவர்கள் அவர்கள். அப்படி வாசித்த யாராவது இதைப் படித்தால், உங்கள் பெயரையும் வாத்தியத்தையும் இந்தப் பத்திரிகைக்கு எழுதிப் போடுங்கள். வாடிக்கைக்காரர்களின் பாட்டுப் பட்டியலை ஒட்டி வைத்த ஐந்து நோட்டுப் புத்தகங்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. ஓரத்தில் இடம் நிறைய இருக்கிறது.

இப்படிக்கு,
ரெக்கார்டிங் சென்டர் நடத்திய வாசகர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்