பேய்ப்படம் பார்க்கிற பிள்ளைக்கு

அன்புள்ள முகிலனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி மட்டும் வருவதும் போவதுமாக இருக்கிறது. நீ போனில் கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன், அடுப்பில் பால் இருந்தது. நான் பார்க்கச் சொன்ன ‘ஹவுஸ்’ படத்தை நண்பர்களோடு போட்டு விழுந்து விழுந்து சிரித்தோம், இதையா பேய்ப்படம் என்கிறாய் என்று கேட்டாய். சிரித்ததில் தப்பில்லை, சிரிக்கவும்தான் எடுத்திருக்கிறார்கள். சிரித்த கையோடு எழுந்து போய்விட்டாயே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

1977இல் வந்த ஜப்பானியப் படம் அது. இயக்குநர் நோபுஹிகோ ஒபயாஷி விளம்பரப் படங்களில் பெயர் வாங்கியவர். அமெரிக்கச் சுறாப் படம் ‘ஜாஸ்’ ஓடிய ஓட்டத்தைப் பார்த்த டோஹோ நிறுவனம், அந்த மாதிரி ஒன்று வேண்டும் என்று அவரிடம் கேட்டது. மனிதர் போய் யோசனை கேட்டது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த தன் மகள் சிகுமியிடம். பெரியவர்களுக்குப் புரிந்த விஷயம்தான் தோன்றும், பிள்ளைகள் அப்படி இல்லை என்பது அவர் கணக்கு. கண்ணாடியில் தெரிகிற தன் உருவமே தன்னைத் தாக்க வந்தால்? பியானோ விரலைக் கடித்தால்? குளிரட்டும் என்று கிணற்றில் இறக்கிய தர்ப்பூசணிக்குப் பதில் ஒரு தலை மேலே வந்தால்? எல்லாம் அந்தச் சிறுமி சொன்னவை. மூலக் கருத்து என்று அவள் பெயரையே படத்தில் போட்டார்.

அந்தப் பியானோக் காட்சியை இன்னொரு முறை போட்டுப் பார். பெண்ணைப் பியானோ விழுங்கிய பிறகும் துண்டான விரல்கள் மட்டும் கட்டைகளின் மேல் ஓடி வாசித்துக்கொண்டிருக்கும். ஒட்டுவேலை பளிச்சென்று தெரிகிறது என்று உன் நண்பன் சொன்னானாமே. தெரியட்டும் என்றுதான் விட்டிருக்கிறார். குழந்தை கத்தரிக்கோல் எடுத்து வெட்டி ஒட்டியதுபோல இருக்க வேண்டும் என்பது அவர் விருப்பம்.

இனி நீ தவறவிட்ட இடத்துக்கு வருகிறேன். ஏழு பெண்கள் விடுமுறைக்குப் போகிற வீட்டின் பேய், அவர்களில் ஒருத்தியின் அத்தைதான். அந்த அத்தையின் பழைய கதை ஊமைப்படம்போல ஓடுமே, ஞாபகம் இருக்கிறதா? நிச்சயித்த மாப்பிள்ளை போருக்குப் போகிறான், திரும்பவில்லை. அவள் காத்துக்கொண்டே இருக்கிறாள். ஏழு பெண்களும் அதைப் பார்த்து அரட்டை அடிக்கிறார்கள். அணுகுண்டின் புகைக் குடை எழும்போது ஒருத்தி பஞ்சு மிட்டாய் மாதிரி இருக்கிறது என்கிறாள். ஒபயாஷி ஹிரோஷிமா மாவட்டத்து ஒனோமிச்சியில் பிறந்தவர். குண்டு விழுந்தபோது அவருக்கு ஏழு வயது, சிறுவயதுத் தோழர்களை அதில் இழந்தவர். அந்த வசனத்தை எழுத விட்டு, கேமராவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறார். நீங்கள் அந்த இடத்திலும் சிரித்தீர்களா என்று நான் கேட்கப் போவதில்லை.

ஜப்பான்காரர்களின் பேய்களில் பாதி இப்படிக் கைவிடப்பட்டவர்கள்தான். மசாகி கோபயாஷி 1964இல் எடுத்த ‘க்வைடான்’ படத்தின் முதல் கதையிலும் ஒரு சாமுராய் ஏழை மனைவியை விட்டுவிட்டுப் பதவி தேடிப் போகிறான். திரும்பி வருகிற இரவைப் பார். இசையமைப்பாளர் தோரு தாகெமிட்சு அங்கே மரம் பிளக்கும் ஓசையையே இசையாக்கியிருக்கிறார். தயவுசெய்து போனில் பார்க்காதே. முழுப்படமும் மூன்று மணி நேரம். ஒரே மூச்சில் முடியாது என்றால் ஹோயிச்சி கதையை மட்டுமாவது பார். பேய் கண்ணில் படாமலிருக்க, பார்வையற்ற அந்தப் பாடகனின் உடம்பு முழுக்க பிட்சுக்கள் மந்திரம் எழுதுகிறார்கள். முகத்தில் தூரிகை ஓடும். காதுகளை மறந்துவிடுகிறார்கள். இதற்கு மேல் சொன்னால் பாவம்.

‘ரிங்’ உனக்குப் பிடித்ததில் எனக்கு வியப்பில்லை. 1998 என்றாலும் உன் தலைமுறைப் படம். ஆனால் அமெரிக்கப் பதிப்பை அல்லவா முதலில் பார்த்திருக்கிறாய்? ஹிதேயோ நகாதாவின் மூலத்தில் கிணற்றிலிருந்து வருகிற பேய், சடகோவின் நடையைக் கவனி. நடிகையைப் பின்னோக்கி நடக்கவைத்துப் படம்பிடித்து, சுருளைத் திருப்பி ஓட்டியிருக்கிறார்கள். எங்கே கோளாறு என்று கண்ணால் சொல்ல முடியாது, ஆனால் உடம்பு கண்டுபிடித்துவிடும். அவள் கிணற்றை விட்டு ஏறும்போதெல்லாம் அப்பாவுக்கு மொட்டைமாடித் துணி ஞாபகம் வந்துவிடுகிறது.

பொங்கலுக்கு வரும்போது ‘எ டேல் ஆஃப் டூ சிஸ்டர்ஸ்’ பார்க்கலாம். கொரியாக்காரர் கிம் ஜீ-வூன் 2003இல் எடுத்தது, அவர்கள் ஊர் நாட்டுப்புறக் கதை ஒன்றின் அடியைத் தொட்டது. ஒருமுறை பார்த்தால் பிடிபடாது, மறுநாளும் பார்க்க வேண்டியிருக்கும். லீவை அதற்கேற்ற மாதிரி கேட்டு வாங்கு.

அன்புடன்,
அம்மா