கிரேட்டே ஹெர்மன் எங்கே?

அன்புள்ள ஆசிரியருக்கு,

குவாண்டம் இயற்பியலும் தத்துவமும் பற்றிய உங்கள் கட்டுரையைக் காபி ஆறிப்போனதுகூடத் தெரியாமல் படித்தேன். ஐன்ஸ்டைனுக்கும் இயற்பியலாளர் நீல்ஸ் போருக்கும் நடந்த விவாதம் விரிவாக வந்திருந்தது, சரி. ஜெர்மன் கணிதவியலாளரும் தத்துவவாதியுமான கிரேட்டே ஹெர்மன் பெயர் ஒரு வரியில்கூட இல்லாததுதான் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

கணித மேதை எம்மி நோதரின் மாணவி அவர். காரணமின்றி எதுவும் நிகழாது என்ற தத்துவவாதி கான்ட்டின் கருத்து குவாண்டம் இயற்பியலால் உடைந்துவிட்டதா என்று வாதாடவே 1934-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகருக்குப் போய், குவாண்டம் இயற்பியலின் முன்னோடிகளில் ஒருவரான ஹைசன்பர்க்கைச் சந்தித்தார். நடக்கப்போவதை முன்கூட்டிக் கணிக்க முடியாமல் போகலாம். ஆனால் அளந்து முடித்த பிறகு, நடந்ததன் காரணத்தைப் பின்னோக்கிப் போய்க் கண்டுகொள்ளலாம் என்பது அவர் முடிவு. காரணம் வேறு, கணிப்பு வேறு. பிளஸ் டூ மாணவர்களுக்குக் கதிரியக்கச் சிதைவு நடத்திய நாட்களில், "இந்த அணு ஏன் இப்போது சிதைந்தது சார்?" என்று கேட்பார்கள். அப்போது இதெல்லாம் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

குவாண்டத்துக்கு அடியில் மறைந்த மாறிகள், அதாவது விளைவை முன்பே தீர்மானிக்கும், நம் கண்ணுக்குத் தெரியாத அளவுகள், இருக்கவே முடியாது என்ற கணிதவியலாளர் ஃபான் நாய்மனின் நிரூபணத்தில் உள்ள ஓட்டையையும் 1935-இலேயே ஹெர்மன் காட்டினார். யாரும் கண்டுகொள்ளவில்லை. இயற்பியலாளர் ஜான் பெல் 1966-இல் அதையே எழுதியபோதுதான் உலகம் கவனித்தது.

ஹெர்மனைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை வெளியிடுங்கள்.

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
கும்பகோணம்