ஹெரால்டு வாங்கிய தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் வாங்கிவிட்டாய் என்று கேள்விப்பட்டேன். ரொம்ப சந்தோஷம். வண்டி வந்த கையோடு என்ஜினை இறக்க மெக்கானிக் தேடுகிறாய் என்றும் காதில் விழுந்தது. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

பெங்களூரில் பகல் முழுக்க விமானச் சோதனையில் இருப்பவன் நீ. புது விமானம் கைக்கு வந்தால் முதலில் எடை போடுவாய், ஈர்ப்பு மையம் எங்கே விழுகிறது என்று பார்ப்பாய், வேகமானி எவ்வளவு பொய் சொல்கிறது என்று கணக்கெடுப்பாய். அதன்பிறகுதான் மற்றதெல்லாம். வாசலில் நிற்கும் வண்டிக்கு மட்டும் ஏன் இந்த அவசரம்?

1959-இல் பிரிட்டனில் டிரையம்ப் ஹெரால்டு வெளிவந்தது. அதே ஆண்டில்தான் பெங்களூரில் உருவான மாருத் போர் விமானத்தின் என்ஜின் இல்லாத மர மாதிரியை, அதாவது கிளைடரை, டகோட்டா விமானத்தின் பின்னால் கட்டி இழுத்துப் பறக்கவிட்டார்கள். என்ஜின் வைப்பதற்கு முன்பே இறக்கையின் குணம் தெரியவேண்டும் என்பதுதான் நோக்கம். 1961 ஜூன் 17 அன்று சோதனை விமானி சுரஞ்சன் தாஸ் நிஜ மாருத்தை மேலே கொண்டுபோனார். சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி அந்த டிரையம்ப் வண்டியை ஸ்டாண்டர்டு ஹெரால்டாகக் கொண்டுவந்ததும் அதே 1961-இல்தான். மாருத்துக்கும் ஹெரால்டுக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

சரி, வேலைக்கு வருவோம். பானட்டைத் திற. ஹெரால்டில் மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பக்கம் மொத்தமும் கவிழும். டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். இன்றைய கார் எதுவும் இந்த வசதியைத் தராது. முதலில் பார்க்கவேண்டியது என்ஜின் இல்லை, முன்சக்கரம்.

சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து இரும்புத் தண்டின் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும். அது டிரனியன் என்ற வெண்கலக் கட்டைக்குள் இறங்கியிருக்கும். ஸ்டியரிங் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் சுழல்கிறது. இதற்குப் போடவேண்டியது இபி 90 கியர் ஆயில். நம் ஊரில் கிரீஸ் கன் கிடைத்தால் எல்லா நிப்பிளிலும் கிரீஸ் அடித்துவிடுவார்கள். கிரீஸ் மரையின் அடிவரை போகாமல் மேலேயே இறுகிவிடும். கீழே தண்ணீர் தேங்கி, துரு பிடித்து, குழி விழுந்து, அந்தக் குழியிலிருந்து விரிசல் கிளம்பும். கடைசியில் தண்டு முறிந்து சக்கரம் மடங்கும். பெரும்பாலும் வண்டியை நிறுத்தும்போது, ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும் நேரத்தில்தான் இது நடக்கும். நெடுஞ்சாலையில் நடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

அதனால் இரண்டு பக்கமும் கழற்று. சக்கரத்தைப் பிடிக்கும் கீழ்க் கையான விஷ்போனையும் டிரனியனையும் கோக்கும் நீள போல்ட்டு உள்ளே இருக்கும் ஸ்லீவோடு துருப்பிடித்து ஒட்டியிருந்தால் சுத்தியலால் அடிக்காதே, அறுத்து எடுத்துவிடு. தண்டை மண்ணெண்ணெயில் கழுவி, காயவைத்து, உங்கள் ஹேங்கரில் செய்வதுபோலவே சிவப்பு டை ஊடுருவல் சோதனை போடு. டையைப் பத்து இருபது நிமிடம் ஊறவிட்டுத் துடைத்து, வெள்ளை டெவலப்பர் அடித்தால், விரிசல் இருக்கும் இடத்தில் சிவப்புக் கோடு கசிந்து வரும். கோடு வராவிட்டாலும், மரையில் துருக்குழி கண்ணுக்குத் தெரிந்தால் அந்தத் தண்டு பழைய இரும்புக் கடைக்குத்தான். இடது பக்கத்துக்கு இடது மரை, வலது பக்கத்துக்கு வலது மரை. மாற்றிப் போட முடியாது, வாங்கும்போது பார்த்து வாங்கு. மாட்டும்போது முழுக்கத் திருகிவிட்டு, ஒரு சுற்றுக்குள் பின்னால் எடு. இரண்டு பக்கமும் ஸ்டியரிங்கை ஒடித்துப் பார்க்கும்போது எங்கேயும் முட்டக்கூடாது. பிறகு முன்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி, கிரீஸ் கன்னில் ஆயிலை நிரப்பி, ஸ்டியரிங்கை அங்கும் இங்கும் திருப்பியபடி மேலே ஆயில் எட்டிப்பார்க்கும்வரை அடி. மழைக்காலம் முடிந்ததும் மறுபடி அடி.

இப்போது அந்த 948 சிசி என்ஜின். அதை இறக்கவே வேண்டியிருக்காது. ஒருவரைக் கிளட்சை மிதிக்கச் சொல்லி, கிராங்க் தண்டின் முன்முனையில் இருக்கும் புல்லி முன்னால் நகர்கிறதா என்று, நுண்ணளவு காட்டும் டயல் கேஜ் வைத்துப் பார். 0.10 முதல் 0.20 மில்லிமீட்டர்வரை நகர்ந்தால் கவலையில்லை. அதைத் தாண்டினால், பின்பக்க மெயின் பேரிங்கில், கிராங்க் முன்பின் நகராமல் பிடிக்கும் அரைவட்ட திரஸ்ட் வாஷர்கள் தேய்ந்துவிட்டன என்று அர்த்தம். விட்டுவைத்தால் அவை கழன்று, அடியில் இருக்கும் ஆயில் தொட்டியான சம்ப்பில் விழும், கிராங்க் நேரே பிளாக்கை அரைக்கும். சம்ப்பையும் அந்த ஒரு பேரிங் கேப்பையும் கழற்றினால் போதும், என்ஜின் வண்டியிலேயே இருக்க வாஷரை மாற்றிவிடலாம். காடி வெட்டிய முகம் கிராங்க் பக்கம் பார்க்கவேண்டும். திருப்பிப் போட்டு, சில நாளிலேயே மறுபடி கழற்றுபவர்கள் நிறைய. சில்க் போர்டு சிக்னலில் கிளட்சை மிதித்தபடியே காத்திருக்காதே. நியூட்ரலில் போட்டுவிட்டு காலை எடு.

கடைசியாகப் பின் ஆக்சில். ஹெரால்டு என்றாலே எல்லோரும் பயமுறுத்துவது இதை வைத்துத்தான். டிஃபரன்ஷியல் சேஸிஸோடு அசையாமல் நிற்கும். இரண்டு அரை ஆக்சில்களும் யூஜே கிராஸ் என்ற மூட்டில் மேலும் கீழும் ஆடும். குறுக்கே ஒரே பட்டை ஸ்பிரிங். வளைவில் வேகமாகப் போய் சட்டென்று ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டியின் பின்பக்கம் எழும்பும், வெளிப்பக்கச் சக்கரத்தின் அடி உள்ளே மடங்கும், பிடிமானம் போய்விடும். இந்த ஆக்சிலை நம் ஊரில் யாரும் நம்பாததால்தான் 1972-இல் வந்த ஸ்டாண்டர்டு கெசல் காரில் சாதாரண ஆக்சிலை வைத்தார்கள். கெசல் ஆக்சிலை இதில் மாட்டிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதே. அப்படிச் செய்தால் நீ வாங்கியது ஹெரால்டே இல்லை.

புது ஸ்பிரிங் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் தப்பு. விறைப்பான புது ஸ்பிரிங் பின்பக்கத்தை உயர்த்தி, சக்கரத்தின் அடியை இன்னும் உள்ளே மடக்கும். இரண்டு பேர் உட்கார்ந்தால் பின்சக்கரங்களின் தலை லேசாக உட்பக்கம் சாய்ந்திருக்கவேண்டும். ஜாக்கியிலிருந்து இறக்கியவுடன் அளக்காதே, சக்கரம் மடங்கியபடியேதான் நிற்கும். வண்டியை நாலைந்து மீட்டர் முன்னும் பின்னும் தள்ளிவிட்டு அளந்துகொள். பின் டயரில் முன் டயரைவிடக் கூடுதல் காற்று, புத்தகத்தில் போட்டிருக்கும்படி.

அப்புறம் ஆளில்லாத மைதானத்தில் 30 மீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டு ஓட்டு. வேகத்தை ஸ்பீடோமீட்டரில் பார்க்காதே, ஜிபிஎஸ்ஸில் பார். 30 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டு விசை சுமார் 0.24 ஜி (ஒரு ஜி என்பது புவியீர்ப்பின் அளவு), 35-இல் 0.32, 40-இல் 0.42. வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் ஒவ்வொரு ஐந்து கிலோமீட்டரும் முந்தையதைவிடப் பெரிய படி. ஃப்ளட்டர் சோதனையில், அதாவது வேகத்தில் இறக்கை படபடக்கிறதா என்று பார்க்கும்போது, காற்றழுத்தத்தோடு நீ படும் பாடு இங்கேயும் அதேதான். ஒவ்வொரு படியிலும் ஸ்டியரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று குறித்துக்கொள். பிறகு காலை லேசாக, லேசாகத்தான், தளர்த்திப் பார். பின்பக்கம் தள்ளத் தொடங்கும் படியில் நிறுத்திக்கொள். 40-க்கு மேல் போகாதே. டயரோ காற்றோ ஸ்பிரிங்கோ, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மறுபடி 30-இலிருந்தே தொடங்கு.

கிருஷ்ணகிரி வழியாகச் சென்னைக்கு ஓட்டிவரும் யோசனை இருந்தால், புறப்படும் முன் அந்த அரை ஆக்சில் கிராஸ்கள் இரண்டையும் கையால் பிடித்து ஆட்டிப் பார்த்துவிடு. ப்ளே, அதாவது தளர்வான ஆட்டம், தெரிந்தால் அன்றைக்குக் கிளம்பாதே.

அன்புடன்,
அண்ணன்