காத்திருப்பும் திட்டத்தில் எழுதியதுதான்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

‘அடுத்த மூன்று ஆண்டுகளும் தலா 380,000 பேரைக் கனடா எடுக்கும்’ என்று சென்ற இதழின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். எண்ணில் பிழையில்லை. 2025 நவம்பர் 4ஆம் திகதி மத்திய வரவுசெலவுத் திட்டத்தோடு வெளிவந்த எண் அதுதான். ஆனால் வாசித்த சனம் விளங்கிக்கொண்டது வேறு. “இவ்வளவு பேரும் வந்து இறங்கினால் வாடகை என்னத்துக்கு ஆகும்?” என்று ஒருவர் கேட்டார். “கதவைச் சாத்திப்போட்டாங்கள்” என்றார் இன்னொருவர். இருவர் கையிலும் உங்கள் பத்திரிகைதான் இருந்தது.

அந்த எண் விமான நிலையத்தில் வந்து இறங்குகிறவர்களின் கணக்கு அல்ல. அந்த ஆண்டில் எத்தனை பேர் நிரந்தர வதிவிடம் (பி.ஆர்.) பெறுவார்கள் என்ற கணக்கு. அவர்களில் கணிசமானோர் ஏற்கெனவே இங்கே வேலை அனுமதியிலோ படிப்பு அனுமதியிலோ இருப்பவர்கள். 2025ஆம் ஆண்டில் பி.ஆர். பெறுவோரில் 40 வீதத்துக்கு மேற்பட்டோர் அப்படிப்பட்டவர்களாக இருப்பார்கள் என்று அரசாங்கமே முன்கூட்டிச் சொல்லியிருந்தது. அவர்களுக்குப் புது வீடு தேவையில்லை, இருக்கிற வீட்டில் அட்டை மட்டும் மாறும்.

இலக்கு எப்படி ஆளை இழுக்கிறது என்பதற்கு 2021ஐப் பாருங்கள். 2020இல் கொரோனா வந்து எல்லையை மூடியதால் 341,000 என்ற இலக்கில் பாதியளவுதான் நிறைந்தது. அடுத்த ஆண்டுக்கு 401,000 என்று எழுதிவைத்திருந்தார்கள். வெளியிலிருந்து ஆள் வர வழியில்லை. அதனால் இங்கே இருப்பவர்களை எடுக்க, 2021 பெப்ரவரி 13ஆம் திகதி எக்ஸ்பிரஸ் என்ட்ரியில், அதாவது தகுதிக்குப் புள்ளி போட்டு ஆள் தெரியும் முறையில், ஒரே நாளில் 27,332 பேருக்கு அழைப்புப் போனது. வெட்டுப்புள்ளி வெறும் 75! வழக்கமாக 450க்கு மேலே நிற்பது. 440 புள்ளியோடு 2019இல் ஏங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த எண் எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள். ஆட்களின் தகுதி ஒரே இரவில் மாறவில்லை, இலக்குத்தான் ஆள் தேடியது. அந்த வருடம் 405,000 பேர் பி.ஆர். எடுத்தார்கள்.

ஆண்டுதோறும் இப்படி எண் எழுதும் வழக்கம் 1976ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தோடு வந்தது. இப்போதைய சட்டத்தின்படி, நாடாளுமன்றம் கூடியிருந்தால் நவம்பர் முதலாம் திகதிக்குள் அமைச்சர் ஆண்டறிக்கையைச் சமர்ப்பிக்க வேண்டும். மாகாணங்களைக் கலந்தாலோசிக்க வேண்டும். கியூபெக் மட்டும் 1991 உடன்படிக்கையின்படி தன் எண்ணைத் தானே தீர்மானிக்கிறது. மூன்றாண்டுத் திட்டம் என்று பெயர் இருந்தாலும் முதலாம் ஆண்டைத் தவிர மற்றவற்றை அதிகம் நம்ப வேண்டாம். 2025ஆம் ஆண்டுக்கு 2022இல் எழுதிய எண் 500,000. 2024 ஒக்டோபரில் அதே ஆண்டுக்கு எழுதியது 395,000.

நான் சொல்ல வந்தது இதற்கு அடுத்த கட்டம். மொத்த எண்ணை விட்டுவிட்டு உள்ளே பிரித்துப் பாருங்கள். 2026க்கான 380,000இல் பொருளாதாரப் பிரிவுக்கு 239,800. குடும்பப் பிரிவுக்கு 84,000. அதில் கணவன், மனைவி, பிள்ளைகளுக்கு 69,000. பெற்றோருக்கும் தாத்தா பாட்டிமாருக்கும் 15,000. பெற்றோருக்கான எண் 2024இல் 32,000 ஆகவும் 2025இல் 24,500 ஆகவும் இருந்தது. இரண்டு வருடத்தில் பாதிக்கும் கீழே. இது பத்திரிகைகளின் தலைப்பில் வரவில்லை.

என் மருமகன் 2022இல் பி.ஆர். எடுத்தவன். தன் தாயை, அதாவது என் அக்காவை, ஸ்பொன்சர் செய்ய வேண்டுமென்று போன கோடையில் மூன்று வருட வருமானவரிப் பத்திரங்களையும் ஒரு கோப்பில் அடுக்கிக்கொண்டு என் வீட்டு மேசைக்கு வந்தான். “மாமா, இதை எங்கை போடுறது?” என்றான். போட இடமில்லை. பெற்றோரை ஸ்பொன்சர் செய்ய விருப்பம் தெரிவித்துக் குலுக்கலுக்குப் பெயர் போடும் படிவம் கடைசியாகத் திறந்தது 2020 ஒக்டோபர் 13 முதல் நவம்பர் 3 வரை. அதன் பிறகு 2025 வரை நடந்த குலுக்கல்களெல்லாம் அந்த மூன்று கிழமையில் பெயர் போட்டவர்களுக்குள்தான். அவன் அப்போது படிப்பு அனுமதியில் இருந்தான். வரிசை நீளம் என்றாவது அக்காவுக்குச் சொல்லியிருப்பேன், அவனுக்கு வரிசையே இல்லை. கோப்பை நான் இன்னும் வைத்திருக்கிறேன், பத்திரங்கள் ஒவ்வொரு வருடமும் பழசாகின்றன.

கனடாவுக்குள் அகதிகளாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர்கள் கதையும் இதுதான். 2026இல் அவர்களுக்கு 20,000 இடம். வெளிநாட்டில் காத்திருக்கும் அவர்களின் மனைவி பிள்ளைகளும் அந்த 20,000க்குள்தான் வர வேண்டும். ஏற்றுக்கொள்ளப்படுகிறவர்கள் வருடத்துக்கு அதைவிட மிக அதிகம். பத்துப் பேர் நுழையும் அறைக்கு ஐந்து கதிரை போட்டுவிட்டு ‘தாமதத்துக்கு வருந்துகிறோம்’ என்று எழுதினால் அதற்குப் பெயர் தாமதமா? நெரிசல் தாங்காமல், இப்படி ஏற்றுக்கொள்ளப்பட்டவர்களில் ஏறத்தாழ 115,000 பேருக்கு இரண்டு ஆண்டுகளில் ஒருமுறை மட்டும் வதிவிடம் கொடுப்பதாக இந்தத் திட்டத்தில் அறிவித்திருக்கிறார்கள். அது 380,000க்கு வெளியே எழுதப்பட்டிருக்கிறது. நல்ல காரியம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் தேங்கியதற்கு முன்னைய ஆண்டுகளின் இலக்கே பெரிய காரணம் என்பதை அதே அறிவிப்பில் ஒரு வரியாவது ஒப்புக்கொண்டிருக்கலாம்.

எண்ணைக் கூட்டு, குறை என்று நான் எழுதவில்லை. வீடும் ஆஸ்பத்திரியும் இருக்கிற நிலையில் குறைப்பதற்கு நியாயம் சொல்கிறவர்களுடன் எனக்குப் பெரிய சண்டை இல்லை. ஆண்டறிக்கையில் ஒவ்வொரு பிரிவின் இலக்குக்குப் பக்கத்திலும் இன்னும் இரண்டு நிரல்களைப் போடட்டும்: கையில் இருக்கும் விண்ணப்பங்கள் எத்தனை, இந்த வேகத்தில் அவை முடிய எத்தனை ஆண்டு. அரசாங்கத்திடம் இரண்டு எண்ணும் உண்டு. ஒரே பக்கத்தில் அச்சடித்தால், நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்கிறவர்களுக்கும் எது முடிவு, எது கவனயீனம் என்று தெரியும்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த நவம்பரில் மொத்த எண்ணைத் தலைப்பில் போடுங்கள், பரவாயில்லை. அதன் கீழே சின்னதாக ஒரு பெட்டி கட்டி, பெற்றோருக்கு எத்தனை, அகதிகளுக்கு எத்தனை, போன வருடம் எத்தனை என்று போட்டுவிடுங்கள். எங்கள் வாசகர்களில் பாதிப் பேர் முதலில் பார்ப்பது அந்தப் பெட்டியைத்தான்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
ஸ்காபரோ