உயிலோடு நிறைவேற்றுநரையும் எண்ணுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

உயில் எழுதுவதைத் தள்ளிப்போடக் கூடாது என்று வலியுறுத்தித் தங்கள் நாளிதழில் அவ்வப்போது வெளிவரும் சட்ட விளக்கங்களைத் தொடர்ந்து படித்து வருகிறேன். எந்தச் சொத்தை யாருக்கு எப்படி எழுதிவைப்பது, எத்தனை சாட்சிகள் வேண்டும், பதிவு செய்வது கட்டாயமா என்பவற்றை அவை தெளிவாகவே சொல்கின்றன. ஆனால், எழுதியவர் மறைந்த பிறகு அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நீதிமன்றத்துக்கும் வங்கிக்கும் அலையப்போகும் உயில் நிறைவேற்றுநரைப் பற்றி அவற்றில் ஓரிரு வரிகளுக்கு மேல் இருப்பதில்லை. நெருங்கிய உறவினர் ஒருவரின் உயிலை நிறைவேற்றும் பொறுப்பு எனக்கு வாய்த்ததால், அந்தத் தரப்பிலிருந்து சிலவற்றை எழுத விரும்புகிறேன்.

மூத்த மகன் என்பதற்காகவோ நெடுநாள் நண்பர் என்பதற்காகவோ ஒருவரின் பெயரை நிறைவேற்றுநர் என்று எழுதிவிட்டு, அதை அவரிடம் சொல்லாமலே இருந்துவிடுவோர் பலர். உயிலில் பெயர் இருக்கிறது என்பதற்காக அவர் அந்தப் பொறுப்பை ஏற்றே ஆக வேண்டும் என்பதில்லை. மறுக்க அவருக்கு உரிமை உண்டு. ஆனால் மறுப்பதானால் தொடக்கத்திலேயே மறுக்க வேண்டும். ஈமச்சடங்குக்கு ஏற்பாடு செய்வதும், பொருள்கள் களவு போகாமல் வீட்டைப் பூட்டிவைப்பதும் பொறுப்பை ஏற்றதாக ஆகாது. இறந்தவருக்கு வரவேண்டிய பணத்தை வசூலிப்பது, அவருடைய பொருளை விற்பது போன்றவற்றில் இறங்கிவிட்டால், பிறகு விலகுவது கடினம். ஆகவே முன்கூட்டியே சம்மதம் கேட்பதும், முதலாமவரால் இயலாமல் போனால் செயல்பட மாற்று ஒருவரைக் குறிப்பிடுவதும் நல்லது. எழுதுபவரைவிட வயதில் மூத்தவரை நியமிப்பதில் என்ன பயன் என்று எனக்கு விளங்கியதில்லை. சொத்து பெறுபவரே நிறைவேற்றுநராக இருக்கலாமா என்று பலர் ஐயுறுகிறார்கள், தாராளமாக இருக்கலாம்.

சாட்சிகள் விஷயம் வேறு. இங்கிலாந்தின் 1837ஆம் ஆண்டு உயில்கள் சட்டப்படி, சாட்சிக் கையொப்பமிட்டவருக்கோ அவருடைய கணவன் அல்லது மனைவிக்கோ அந்த உயிலில் எழுதப்பட்ட கொடை செல்லாது. உயிலின் மற்றப் பகுதிகள் நிற்கும். இவ்விதி எல்லா நாடுகளிலும் எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை என்றாலும், சொத்து பெறுபவர் எவரையும் சாட்சியாக்காமல் இருப்பதே பாதுகாப்பு. சாட்சிகள் எழுதுபவரைவிட இளையவர்களாகவும், பின்னாளில் தேடினால் கிடைக்கக்கூடியவர்களாகவும் இருக்க வேண்டும். பதிவு செய்யப்பட்ட உயில் என்றாலும் சர்ச்சை எழுந்தால் மெய்ப்பிக்கத்தான் வேண்டும். அப்போது சாட்சியின் வாக்குமூலம் தேவைப்படும்.

புரொபேட் என்பது, இதுவே இறந்தவரின் செல்லத்தக்க கடைசி உயில் என்றும், இவரே அதன் நிறைவேற்றுநர் என்றும் நீதிமன்றம் அளிக்கும் சான்று. அந்தச் சொத்து இறந்தவருக்கு உரியதுதானா என்ற உரிமை வழக்கை அது தீர்ப்பதில்லை. இதைப் பெற மூல உயிலே வேண்டும், நகல் போதாது. எழுதியவர் வசமே இருந்த மூலம் அவர் இறந்த பின் கிடைக்காவிட்டால், அவரே அதை ரத்துசெய்யும் எண்ணத்தோடு அழித்துவிட்டார் என்ற அனுமானம் எழக்கூடும். நகலெடுப்பதற்காகப் பின்னைக் கழற்றுவதுகூட வம்புதான். நான் தாக்கல் செய்த உயிலின் மேல்மூலையில் பழைய பின் குத்திய இரண்டு துளைகள் இருந்தன. இதோடு வேறு ஏதாவது தாள் சேர்த்துவைக்கப்பட்டிருந்ததா என்ற கேள்வி எழுந்து, அதற்கென்று தனியாக ஒரு பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டியதாயிற்று. சிலர் உயிலை வங்கி லாக்கரில் வைத்துவிடுகிறார்கள். லாக்கரைத் திறக்க அதிகாரம் வேண்டும், அதிகாரம் பெற உயில் வேண்டும், உயிலோ லாக்கருக்குள் என்றாகிவிடுகிறது. உயில் இருக்குமிடம் நிறைவேற்றுநருக்குத் தெரிந்திருந்தால் போதும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது அவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

நிறைவேற்றுநரை மிகவும் வாட்டுவது சட்டமன்று, உறவினரின் அவசரம். துக்கம் விசாரிக்க வந்த இடத்திலேயே தம் பங்கைக் கேட்பவர்கள் உண்டு. ஆனால் ஈமச்செலவு, நீதிமன்றச் செலவு, கடன், வரி ஆகியவற்றைத் தீர்த்த பிறகே உயிலில் சொன்ன கொடைகள். அவற்றுக்குப் பிறகே எஞ்சிய சொத்து. முந்திக்கொண்டு பங்கிட்டுக் கொடுத்துவிட்டால், பின்னால் வரும் கடன்காரருக்கு நிறைவேற்றுநர் தம் கைப்பணத்திலிருந்து பதில் சொல்ல நேரலாம். மறைந்தவருக்குக் கடன் கொடுத்தோர் குறித்த நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று தங்கள் இதழின் உள்பக்கத்தில் சிறிய எழுத்தில் வரும் அறிவிப்பு வெறும் சம்பிரதாயம் அன்று; உரிய முறையில் அறிவித்து, கெடு முடிந்த பின் பங்கிட்டவருக்கு அது ஒரு காப்பு. இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925, இறப்பு நாளிலிருந்து ஓராண்டு முடியும் வரை கொடைகளைக் கொடுத்தாக வேண்டும் என்று நிறைவேற்றுநரைக் கட்டாயப்படுத்துவதில்லை. அதே சட்டம், புரொபேட் கிடைத்த 6 மாதங்களுக்குள் சொத்துப் பட்டியலையும் ஓராண்டுக்குள் கணக்கையும் நீதிமன்றத்தில் அளிக்கச் சொல்கிறது. ஆகவே இறந்தவரின் பணத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்கி, பூக்கடைக்காரரின் ரசீது உட்பட அனைத்தையும் தேதிவாரியாகக் கோத்துவைப்பது நல்லது. இறந்தவரின் கைப்பேசி இணைப்பையும் உடனே துண்டித்துவிடக் கூடாது. வங்கியும் காப்பீட்டு நிறுவனமும் அனுப்பும் தகவல்களிலிருந்துதான் சில கணக்குகள் இருப்பதே தெரியவரும்.

ஊதியம் பற்றியும் ஒரு சொல். நிறைவேற்றுநர் தாம் செய்த நியாயமான செலவைச் சொத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். உழைப்புக்கான ஊதியமோ, பொதுவாக, உயிலிலேயே எழுதியிருந்தால்தான் உண்டு. மாதக்கணக்கில் தம் வேலையை விட்டுவிட்டு அலையப்போகிறவருக்கு ஒரு தொகையைக் குறிப்பிட்டு எழுதிவைக்க ஒரு வாக்கியம் போதும். தங்கள் சட்டப் பகுதியில் மாதிரி உயில் அடுத்த முறை வெளியாகும்போது அந்த வாக்கியத்தையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்