தம்பி என்று கூப்பிட்டவர்களுக்கு

டாக்டரம்மா, கவுன்சிலிங் மேடம், டயட்டீஷியன் அக்கா, அம்மாப்பேட்டை அம்மா, பட்டறை அண்ணா, ஏற்காட்டு அத்தை, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

உங்கள் யார் பேரையும் இதில் எழுதவில்லை. சிலர் வேண்டாம் என்றீர்கள், சிலரிடம் கேட்க எனக்கே கூச்சம். படித்தால் அவரவருக்குத் தெரிந்துவிடும்.

என்னைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன். நான் ஒரு திருநம்பி. பெண் பிள்ளை என்று பேர் வைத்து வளர்த்தார்கள், ஆனால் நான் ஆண். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை. எங்கள் தொழிலில் எல்லாமே தராசுதான். வெள்ளியை எடை போட்டு வாங்கி, செய்த கொலுசை எடை போட்டுத் திருப்ப வேண்டும். நடுவில் குறைந்தது சேதாரம். நான்கு வருடம் என் உடம்பையும் அப்படித்தான் நிறுத்துக்கொண்டிருந்தேன். என்ன, பட்டறையில் சேதாரம் கூடினால் திட்டு விழும். இங்கே கூடக்கூட எனக்கு நிம்மதி.

ஒல்லியாக வேண்டும், அழகாக வேண்டும் என்ற ஆசை இல்லை அது. என் உடம்பு பெண் உடம்பாகத் தெரியக் கூடாது, மாதவிலக்கு வரக் கூடாது, அவ்வளவுதான். வேறு வழி தெரியாததால் பட்டினி.

வீட்டில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நம் ஊரில் சாப்பிடாமல் இருப்பதற்குத்தான் நல்ல பேர் இருக்கிறதே! செவ்வாய், வெள்ளி, அமாவாசை, கிருத்திகை, ஆடி வந்தால் மாதம் முழுக்க. கோட்டை மாரியம்மன் பண்டிகையின்போது தெருவே என்னைப் பார்த்து, “புள்ளைக்கு என்ன பக்தி!” என்றது. மாரியாத்தாளுக்கு மட்டும் உண்மை தெரியும்.

முதலில் போன கிளினிக்கில் எடை குறைந்ததற்குப் பாராட்டினார்கள். நான் முன்பு குண்டு. எலும்பும் தோலுமாக இருந்தால்தான் இந்தப் பட்டினி ஒரு நோய் என்று அவர்கள் நினைப்பு. இன்னொரு இடத்தில், “இதெல்லாம் பணக்கார வீட்டுப் பிள்ளைங்களுக்கு வர்றது. கல்யாணம் பண்ணி வைங்க, எல்லாம் சரியாயிடும்” என்றார்கள். சரி, அவர்கள் கதை போதும்.

அண்ணா, பட்டறையில் மயங்கி விழுந்த அன்று பாதி வேலையைப் போட்டுவிட்டு என்னை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடியது நீங்கள். அப்புறம் ஒரு வார்த்தை துருவிக் கேட்கவில்லை. மதியம் ஒரு மணிக்கு எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும் என்று பட்டறைக்கே புதுச் சட்டம் போட்டீர்கள். அது எனக்காகத்தான் என்று எனக்குத் தெரியும் அண்ணா.

டாக்டரம்மா, முதல் நாளே என்னைத் தராசில் திரும்பி நிற்கச் சொன்னீர்கள். “நம்பர் எனக்குப் போதும் தம்பி, உங்களுக்கு வேண்டாம்.” அந்தத் ‘தம்பி’யிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. எடை சரியாகத்தானே இருக்கிறது என்று கேட்ட என் அம்மாவிடம், வாந்தி எடுத்து எடுத்துப் பொட்டாசியம் இறங்கினால் இதயத் துடிப்பே தடுமாறும், ஆள் குண்டா ஒல்லியா என்று அது பார்க்காது என்று பொறுமையாகச் சொன்னீர்கள். அம்மா அன்றைக்கே பிரியாணி ஆக்கிப் போடக் கிளம்பினார். அதையும் நீங்கள்தான் தடுத்தீர்கள். ரொம்ப நாள் பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட் சட்டென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம், ரத்தப் பரிசோதனை பார்த்துப் பார்த்துத்தான் கூட்ட வேண்டும் என்பது எங்கள் வீட்டில் யாருக்குத் தெரியும்?

மாதவிலக்கை நிறுத்தப் பட்டினி தவிர மருத்துவத்தில் வேறு வழி உண்டு என்று என்னிடம் முதலில் சொன்னதும் நீங்கள்தான். பட்டினியால் நின்றால் எலும்பும் சேர்ந்து தேயும் என்றீர்கள். முதலில் சாப்பாடு சரியாகட்டும், ஆணா பெண்ணா என்பதை அப்புறம் பார்ப்போம் என்று தள்ளிப் போடாமல், ஹார்மோன் டாக்டருக்கு அன்றே சீட்டு எழுதினீர்கள். அந்தச் சீட்டுதான் எனக்குப் பசியைத் திருப்பிக் கொடுத்தது.

மேடம், உங்கள் படிவத்தில் ‘உங்களை எப்படிக் கூப்பிட வேண்டும்’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதை நிரப்ப எனக்குப் பத்து நிமிடம் ஆனது. அதைவிட, “உன் உடம்பை நேசி” என்று நீங்கள் ஒருநாளும் சொல்லாததற்கு நன்றி. மற்றவர்களுக்கு அது பலிக்கலாம். இந்த உடம்போடு எனக்கு இருக்கும் வழக்கு வேறு. “பிடிக்கலைன்னாலும் பரவாயில்லை, வழக்கு நடக்கட்டும், அதுவரைக்கும் சோறு போடுங்க” என்றீர்களே, அது பிடித்தது. ஃபீஸை சனிக்கிழமை கூலி வாங்கிய பிறகு தரச் சொன்னதையும் மறக்கவில்லை.

டயட்டீஷியன் அக்கா, ஓட்ஸ், சாலட் என்று அச்சடித்த தாளை நீட்டாமல், “வீட்ல என்ன ஆக்குவாங்க?” என்று கேட்டீர்கள். களியும் கம்பஞ்சோறும் பருப்பும் வைத்தே ஒரு நாளை அடுக்கிக் கொடுத்தீர்கள். மூன்றாவது மாதம், வெளியில் நாலு பேர் பார்க்க ஒரு தட்டுவடை செட் சாப்பிட்டுவிட்டு வர வேண்டும் என்று வீட்டுப்பாடம் வேறு. சேலத்துக்காரனுக்குத் தட்டுவடை செட் சாப்பிடப் பயம் என்றால் வெளியூரில் சிரிப்பார்கள். கை நடுங்கிக் காரச் சட்னி சட்டையில் கொட்டியது. ஆனால் தின்றுவிட்டேன்.

அம்மாப்பேட்டை அம்மா, என்னைப் பெண்ணாகவே ‘மாற்றிக் காட்டுகிறேன்’ என்ற ஒருவரிடம் கூட்டிப்போக அப்பா பஸ் டிக்கெட்டே எடுத்துவிட்டார். நீங்கள் வந்து திண்ணையில் உட்கார்ந்தீர்கள். 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இப்படி மாற்றும் முயற்சிகளுக்குத் தடை போட்டதையும், அடுத்த வருடம் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில் ஒழுங்கீனம் என்று சொன்னதையும் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னீர்கள். அப்பா என் பேச்சை நம்பமாட்டார், ஜட்ஜ் பேச்சை நம்புவார். ஒரு திருநங்கையை எங்கள் வீட்டுக்குள் உட்கார வைத்துக் காபி கொடுத்தது அன்றுதான் முதல் தடவை.

ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு, 14416 என்ற மனநல உதவி எண்ணில் என்னிடம் தமிழில் பேசிக்கொண்டே இருந்த அந்தக் குரலுக்கும் நன்றி. யார் என்று தெரியாது.

அத்தை, இருபது கொண்டை ஊசி வளைவும் தாண்டி உங்கள் வீட்டுக்கு வந்து இறங்கியபோது காப்பிப் பழம் பறிக்கும் சமயம். உங்கள் வீட்டில் தராசும் இல்லை, ஆளுயரக் கண்ணாடியும் இல்லை. காலை பத்து மணிக்கு எஸ்டேட்டில் எல்லாரும் தூக்குப் போசியைத் திறக்கும்போது நானும் திறந்தேன். என் போசிக்குள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அப்படிப் பார்க்காமல் இருப்பது எவ்வளவு பெரிய உபகாரம் என்று உங்களுக்குத் தெரியாது.

முழுசாகச் சரியாகிவிட்டேன் என்று பொய் சொல்லமாட்டேன். போன மாதம்கூட ரெண்டு நாள் சறுக்கியது. மேடத்திடம் சொல்லிவிட்டேன். ஆனால் இந்த ஆடிக்கு விரதம் இல்லை. கோயிலில் கூழ் ஊற்றியபோது வரிசையில் நின்று ரெண்டு சொம்பு குடித்தேன்.

அத்தை, மலையிலிருந்து இறங்கும்போது சோறு கட்டிக் கொடுத்த டிபன் கேரியர் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வெறுமனே திருப்பித் தரக் கூடாது என்பதால்தான் இத்தனை நாள் தாமதம். அடுத்த ஞாயிறு எடுத்துக்கொண்டு வருகிறேன். மூன்று அடுக்கிலும் நானே சமைத்தது இருக்கும். உப்பு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி
செவ்வாய்ப்பேட்டை, சேலம்